உப்புக்கு விட்ட இடம்

அக்கா படுக்கையறைக்குள் இருந்தாள். கதவு திறக்கவில்லை.

"தாப்பா போடலிங்க. சும்மாதான் சாத்தினேன். புடிச்சிகிச்சு" என்றாள் உள்ளேயிருந்து. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிய சத்தம் கேட்டது. அது அவள் நெஞ்சிலிருந்து வந்த சத்தம்.

வெளியே ஐப்பசி மழை. அக்காவின் இன்ஹேலர் ஹாலில், சாப்பாட்டு மேசைமேல், என் கண்ணெதிரே இருந்தது.

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பாவா தோளைக் கொடுத்துக் கதவை இடித்தார். கதவு அசையவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். "அது மழை ஆரம்பிச்சதிலேர்ந்து தொறக்கறதில்ல" என்றார். கதவுக்குக் கீழே இடுக்கு இருக்குமா என்று குனிந்து பார்த்தேன். ஒரு காகிதம்கூட நுழையாது.

கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருந்தது. பாவா சமையலறைக்கு ஓடினார். ஸ்டூலையும் நீளக் காம்பு வைத்த சாம்பார் கரண்டியையும் கொண்டுவந்தார். இன்ஹேலரைக் கரண்டிக் குழிவில் வைத்து, ஸ்டூல்மேல் ஏறி, வென்டிலேட்டர் வழியாகக் கையை உள்ளே விட்டார். திருத்தணி-திருப்பதி தடத்தில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். நெரிசலில் தலைகளுக்கு மேலே கையை நீட்டி டிக்கெட்டும் சில்லறையும் கொடுத்துப் பழகிய கை அது. கரண்டி கொஞ்சமும் ஆடவில்லை.

"எட்டுதா வசந்தா?"

கரண்டி லேசானது. பிறகு இன்ஹேலரை அழுத்தும் சத்தம். மறுபடி ஒரு முறை.

"ஆங்" என்றாள் அக்கா.

அந்த ஒரு 'ஆங்'கை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு மீன் வேன் டிரைவர் வந்து பாவாவோடு சேர்ந்து முட்டி, கதவைத் திறந்ததெல்லாம் அதற்குப் பிறகு. அந்தச் சத்தம் கேட்டதும் பாவா ஸ்டூலைவிட்டு இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒரே மாவட்டம், இரண்டு காற்று

இது நடந்த தேதியை நான் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்தத் தொடரில் தேதி வருகிற இடமெல்லாம் வாசகர்கள் தாண்டிப் போகிறார்கள் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே, தீபாவளிக்குப் பிறகு, கார்த்திகை தீபத்துக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.

வீடு இருந்தது பழவேற்காட்டுச் சாலையில். நான் இருப்பது திருத்தணியில். இரண்டும் ஒரே மாவட்டம்தான். மின்சார ரயிலில் சென்னை போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியில் பொன்னேரி வந்து, பஸ் பிடித்தால் அக்கா வீடு. காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் காற்று வேறு. எங்கள் ஊரில் மலை அடிவாரத்துப் பாறை பகலெல்லாம் வாங்கும் வெயிலை ராத்திரி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மாடியில் உலர்த்திய துணியை ஒரு பாட்டு முடிவதற்குள் மடித்து எடுக்கலாம். கோடையில் மேசையும் பீரோவும் தாமாகவே 'படக்'கென்று சத்தம் போடும். மரம் வற்றுகிற சத்தம் அது. புதிதாக வந்த விருந்தாளிகள் திருடன் என்று எழுந்து உட்காருவார்கள்.

பழவேற்காட்டில் அப்பளம் பொட்டலத்துக்குள்ளேயே வளைந்து தொங்கும். தீப்பெட்டியை உரசினால் மருந்து பிசினாக வழியும். பேன்ட் பையில் கிடக்கும் சாவிகூட ஈரமாக இருக்கும். முதல்முறை அங்கே ராத்திரி தங்கிவிட்டு எழுந்தபோது, என் தலையணை உறையை யாரோ தண்ணீர் தெளித்து இஸ்திரி போட எடுத்து வைத்தது போல இருந்தது.

பாவா அங்கே போனதற்குக் காரணம் எளிது. வேலைக்காலம் முழுக்கப் புழுதியிலும் இன்ஜின் சூட்டிலும் நின்றவர். ஓய்வு பெற்றதும் கடல் காற்று வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை ஆசை என்று அவர் சொன்னதில்லை. "ரிட்டயர்டு ஆனா கடக்கரைதான்" என்று, ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

பஸ் டிக்கெட் பரீட்சை

வீட்டைக் கட்டியது பொன்னேரிப் பக்கத்து மேஸ்திரி. சுவர், தரை, கதவு நிலைகள் எல்லாம் அவர் வேலை. உள்வேலை மட்டும் நம்ம ஊர் ஆள்தான் செய்ய வேண்டும் என்று பாவா பிடிவாதமாக இருந்தார். கே.ஜி.கண்டிகையில் பட்டறை வைத்திருக்கும் ஏழுமலைதான் எங்கள் குடும்பத்துக் கதவுகளையெல்லாம் செய்தவர்.

எங்கள் பக்கத்தில் நல்ல கதவு என்றால் இறுக்கமான கதவு. இடுக்கு இருந்தால் புழுதி வரும், பூரான் வரும். கதவை மாட்டியதும் ஏழுமலை சட்டைப் பையிலிருந்து டவுன் பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே செருகிப் பார்ப்பார். நுழையாவிட்டால் வேலை முடிந்தது. நுழைந்தால் அவரே கழற்றி எடுத்துப்போய்விடுவார். கண்டக்டரான பாவாவுக்கு இந்தப் பரீட்சை ரொம்பப் பிடிக்கும். டிக்கெட் சப்ளை செய்வதே அவர்தான்.

கடலோர வீட்டின் நிலைகளை பாவா நேரில் போய் அளந்து, அளவுகளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். சித்திரை வெயில். நானும் கூட இருந்தேன். ஏழுமலை பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அளவுகளைப் பார்த்தார்.

"கடலோரம் இல்லிங்களா சார். போன்லியே சொன்னேன். உப்பும். எடம் வுடணும்."

"ஆங், அதெல்லாம் வுட்டாச்சு" என்றார் பாவா.

"நல்லா தாராளமா வுட்டிருக்கீங்களா?"

"நீ வந்து பாரு, அசந்துடுவே."

பேச்சு அவ்வளவுதான். கதவுகள், அலமாரிகள், டி.வி. வைக்கிற பெட்டி எல்லாம் வைகாசியில் லாரியில் போய் இறங்கின. ஏழுமலையின் ஆட்கள் மாட்டினார்கள். டிக்கெட் எங்கேயும் நுழையவில்லை. பாவா வீடு முழுக்கச் செருகிப் பார்த்துவிட்டு, "ரைட்" என்றார்.

கடப்பாக்கல் மாடம்

புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சமையலறையில் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள்.

அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் உட்காருகிற அகலத்தில் ஒரு மாடம். உள்ளே தட்டுகளெல்லாம் கறுப்புக் கடப்பாக்கல். பின்பக்கம் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று வைத்து, காற்று வருகிற மாதிரி விட்டிருந்தது. கதவு இல்லை. கற்கள் முன்பக்கமாக லேசாகச் சரிந்திருந்தன. நடுத்தட்டில் ஒரே ஒரு பீங்கான் ஜாடி. அதில் கல் உப்பு.

"உப்புக்கு மட்டும் இவ்ளோ பெரிய எடமா?" என்று கேட்டேன்.

பாவா பெருமையாக விளக்கினார். உப்பு மரத்தை அரிக்கும், அதனால் கல். உப்பு நீர்விடும், அதனால் சரிவு. அடைத்து வைத்தால் கசியும், அதனால் பின்னால் காற்று. கீல் வைத்தால் துருப்பிடிக்கும், அதனால் கதவு கிடையாது. "கடலோரத்துல இது கட்டாயமாம். ஏழுமலையே சொன்னான்" என்றார்.

அக்கா என் காதில், "மளிகைக்கு எடம் பத்தல. உப்பு மட்டும் ராஜா மாதிரி உக்காந்துகினு இருக்குது" என்றாள்.

அலமாரிக்குப் பின்னால்

ஆடி போய் ஆவணி வரை வீடு ஒழுங்காக இருந்தது. புரட்டாசியில் கதவுகள் முனக ஆரம்பித்தன. மழை இறங்கியதும் கதவுகளின் அடிப்பக்கம் ஊறித் தடித்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் டீயில் நனைத்த ரஸ்க் போல ஓரம் உதிர்ந்தன. அலமாரிக் கீல்களிலிருந்து துரு கோடு கோடாக இறங்கியது. தளத்துக்குக் கீழே அழகுக்குப் பொருத்திய பொய்க்கூரையில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் வந்து, நாளுக்கு நாள் பெருத்தது.

எல்லாவற்றையும்விட மோசமானது கண்ணில் படாமல் இருந்தது. படுக்கையறை அலமாரி சுவரோடு ஒட்டி, அங்கும் டிக்கெட் நுழையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. கதவு சிக்கிய அந்த நாளுக்குப் பிறகு அதை நகர்த்திப் பார்த்தோம். சுவர் முழுக்கப் பூசணம். கறுப்பும் பச்சையுமாக, வெல்வெட் துணி விரித்தது போல. அக்கா தலை வைத்துப் படுக்கிற பக்கம்.

அக்காவுக்குச் சின்ன வயசிலேயே இளைப்பு உண்டு. திருத்தணியில் அது வருஷத்தில் எப்போதாவது வந்து போகிற உறவுக்காரர் மாதிரி இருந்தது. இங்கே குடியே வந்துவிட்டது.

பொன்னேரி டாக்டர் மார்பில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, பாவாவைப் பார்த்துத்தான் பேசினார். "ஒண்ணு, சுவரை மாத்துங்க. இல்ல, ஊரை மாத்துங்க. அடுத்த மழையும் இவங்க இதே ரூம்ல இருக்கக் கூடாது."

பஸ்ஸில் திரும்பும்போது பாவா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் புரோக்கருக்குப் போன் செய்தார். அக்கா தடுத்தாள். "இத்தினி வருஷம் கேட்டுகினு இருந்தீங்களே கடலு. நான் தங்கச்சி வீட்ல இருக்கேன். நீங்க இங்க இருங்க."

"நான் மட்டும் இங்க இன்னா பண்றது? கப்பலுக்கு டிக்கெட் போடறதா?" என்றார் பாவா.

வீட்டை விற்பது என்று முடிவானது.

ஏழுமலை கன்னத்தை உப்பிய கதை

விற்பதாக இருந்தாலும் கதவு சாத்தித் திறக்க வேண்டுமே. ஏழுமலையை வரச் சொன்னோம். அவர் மரம் சீவுகிற இழைப்புளியோடு வந்து இறங்கினார். கதவின் அடியைத் தடவிப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அன்னிக்கே சொன்னேனே சார். உப்பும், எடம் வுடணும்னு. வுட்டாச்சு, வுட்டாச்சுன்னீங்களே."

"வுட்டேனேய்யா" என்றார் பாவா, கோபமாகவே. "வா, காட்டறேன்."

சமையலறைக்குக் கூட்டிப்போய் மாடத்தைக் காட்டினார். "இதோ. உப்புக்கு எடம். இதுக்கு மேல இன்னா தாராளம்?"

ஏழுமலை ஜாடியைப் பார்த்தார். பாவாவைப் பார்த்தார். பிறகு, இதற்கு நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள் என்பது போல என்னைப் பார்த்தார்.

"சார், நான் சொன்னது பலகை உப்பும்னு."

"பலகையில ஏதுய்யா உப்பு?"

"ஐய, உப்பு இல்ல சார். உப்பும். இப்டி." இரண்டு கன்னத்திலும் காற்றை அடைத்துக் காட்டினார்.

பாவா பிறந்தது நகரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். தெலுங்கிலும் உப்புக்கு உப்புதான். ஆனால் வீங்குவதற்கு அங்கே இருக்கும் சொல் கிட்டத்தட்ட இதே சொல். நடுவில் மட்டும் அழுத்தாமல், உதட்டுக்குள் காற்றை வைத்து மெத்தென்று சொல்வார்கள். ஏழுமலை அழுத்திச் சொன்னார். பாவாவின் காதுக்கு அது உப்புதான். 'உப்பும், இடம் விடணும்' என்றால், மற்றதற்கெல்லாம் விடுவதோடு உப்புக்கும் விடணும் என்று எடுத்துக்கொண்டார். அளவுத்தாளில் அரை விரல் கழிக்க வேண்டிய மனிதர் சமையலறைச் சுவரை இடித்து மாடம் கட்டியிருந்தார்.

"ஏன்யா, 'ஊதும்'னு சொன்னா கொறஞ்சா பூடுவே?" என்றார் பாவா.

"நீங்க உப்பா, ஊதறதான்னு கேட்டிருக்கலாமே சார்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. நாங்கள் மூவரும் அப்படியே நின்றோம். அவள் ஒரு கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டு, மறுபடி சிரித்தாள்.

"நீ மட்டும் ரொம்ப யோக்கியமா?" என்று ஏழுமலையிடம் திரும்பினாள். "எடம் வுடச் சொன்னே. உன் கீலு, ஸ்குரூ எல்லாம் துருப்புடிச்சி ஒழுகுதே, அத்த யாரு சொல்றது?"

"எனக்கு இன்னா தெரியும் அம்மா. கடலுன்னா நான் மெரினாவோட சரி. அங்க யாரும் கதவு வெக்கல."

சிரித்து முடித்த அக்கா மாடத்திடம் போனாள். அப்போதுதான் நான் கவனித்தேன். மாடத்தில் இப்போது ஜாடி மட்டும் இல்லை. அப்பளக் கட்டு, மிளகாய்த்தூள் டப்பா, ரேஷன் கார்டு, கல்யாண ஆல்பம், ஒரு அடுக்குப் புடவை. அக்கா அதற்குள்ளிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினாள்.

முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து அந்த வீட்டில் குச்சி பற்றி நாங்கள் யாரும் பார்க்கவில்லை, அடுப்புக்கு லைட்டர்தான். நாலு பேரும் அந்தச் சின்ன நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அது அவள் விரலைச் சுடுகிற வரை.

"இந்த வூட்டுல இது ஒண்ணுதான் காஞ்சிருக்குது. நான் ஒரு மாசமா இதுலதான் எல்லாத்தையும் வெக்கிறேன்" என்றாள். "உப்பு மட்டும்தான் தண்ணியா ஓடுது."

பாவா தப்பாகக் கேட்டதைச் சரியாகக் கட்டியிருந்தார். அதை முதலில் வாய்விட்டுச் சொன்னது யார் என்று நினைவில்லை. ஏழுமலை பின்பக்கச் செங்கல் ஓட்டைகளில் கையை வைத்துக் காற்றைப் பார்த்தார். உப்புதான் ஈரத்தையெல்லாம் குடித்துவிடுகிறது என்பது அவர் கட்சி. ஒரு ஜாடி உப்பு எவ்வளவு குடிக்கும், இது காற்றோட்டத்தின் வேலை என்பது என் கட்சி. இன்னும் பேசித் தீரவில்லை.

"புரோக்கர்கிட்ட சொல்லுங்க. தை பொறக்கட்டும்னு" என்றாள் அக்கா.

வீடே மாடமானது

தை பிறந்ததும், விற்பதற்குப் பதில் வீட்டையே மாற்றுகிற வேலை தொடங்கியது. அதற்குள் நான் கடலோர வீடுகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். எப்போதும் புத்தகமும் கையுமாக இருப்பதால் பாவா எனக்குச் 'சரித்திரம்' என்று பெயர் வைத்திருக்கிறார். "சரித்திரம் இன்னா சொல்லுது?" என்று தினமும் போனில் கேட்பார். படித்ததில் பாதி, மாடத்தில் ஏற்கெனவே இருந்தது.

அலமாரிகளைப் பிரித்து எடுத்தோம். சுவரில் அடித்திருந்த பளபளப்பான பெயின்ட்டைச் சுரண்டி, பூசணத்தைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு பூசினோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதில்லை. வாங்கியதை வெளியே விட்டுவிடும். படுக்கையறையில் அலமாரிக்குப் பதில் கடப்பாக்கல் தட்டுகள். முன்னால் சாய்சட்டம் வைத்த கதவுகள், மூடினாலும் காற்று போகிற மாதிரி. பின்பக்கம் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி. கட்டிலும் சுவரைவிட்டு விலகி நின்றது.

பொய்க்கூரை போயிற்று. கீல்கள் பித்தளைக்கு மாறின. ஸ்குரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, அதிலும் கடலோரத்துக்கென்று விற்கிற ரகம். தேக்குக் கதவுகளை ஏழுமலை நாலு பக்கமும் இழைத்தார். வெளியே தெரியாத மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் இந்த முறை வார்னிஷ் அடித்தார். மரம் தண்ணீர் குடிப்பதே அந்த வழியாகத்தான். குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு. பாவாவுக்கு அதில் வருத்தம். "ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்குது" என்றார். அக்கா, "ரயிலு மாதிரி நேரத்துக்குத் தொறந்தா போதும்" என்று சொல்லிவிட்டாள்.

டி.வி. பெட்டியையும் பஞ்சு சோபாவையும் எனக்கு அனுப்பிவிட்டார்கள். திருத்தணியில் அவை சௌக்கியமாக இருக்கின்றன. கோடையில் 'படக்'கென்று சத்தம் போடுகின்றன.

கடைசிக் கதவை மாட்டிவிட்டு ஏழுமலை பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கை விட்டார். டிக்கெட்டைச் செருகினார். அது நழுவி மறுபக்கம் விழுந்தது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க அப்பா பார்த்தா பட்டறைய பூட்டிடுவாரு" என்றார்.

அடுத்த ஐப்பசி

மழை வந்ததும் நான் கிளம்பிவிட்டேன். பொன்னேரியிலிருந்து டவுன் பஸ்; பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாலையின் இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. அக்கா போனில் "நல்லாகீறேன்" என்கிறாள். போனில் எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

கதவைத் திறந்தது அவள்தான். நான் பேசவில்லை, அவளைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை, மீன் விலை, பக்கத்து வீட்டு டிரைவர் மகள் கல்யாணம். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நடுவில் இடைவெளி விழவே இல்லை. வீட்டில் சுண்ணாம்பு வாசனையும் வறுத்த கருவாட்டு வாசனையும்தான் இருந்தன. இன்ஹேலர் மாடத்தில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நின்றது. டாக்டர் அதை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். எடுக்க வேண்டி வருவது அபூர்வம் என்றாள்.

மாலையில் மழை வலுத்தது. அக்கா புடவை மாற்றப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாவாவின் தலை நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு எழுந்துபோய்க் கதவருகே நின்றார். கதவைத் தொடவில்லை.

"தினம் இப்படியேவா?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா மட்டும்" என்றார். பிறகு கதவைப் பார்த்து, "வசந்தா" என்றார்.

உள்ளே சாவிக்கொத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

நான் கைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். பாவா குனிந்து அதைக் கதவுக்குக் கீழே வைத்து, ஒரு விரலால் தள்ளினார். டிக்கெட் போய்விட்டது.

சாவிச் சத்தம் நின்றது. டிக்கெட் அதே இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது, பஸ்ஸில் செக்கர் கிழிப்பது போல ஓரம் லேசாகக் கிழிக்கப்பட்டு.

"பார்த்தாச்சு" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "ரைட், போலாம்."